பப்ஸ் அலமாரியில் ஒரு முருகன் புத்தகம்

ராஜாத்தி போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கும். மாதா கோயில் முற்றத்தில் ஈரம் காயவில்லை. நல்ல சேலை கட்டி, தலைநிறையப் பூ வைத்து, ஒரு புத்தகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். புத்தகத்தின் அட்டையில் மயில்மேல் உட்கார்ந்த முருகன். அவளுக்குப் பின்னால் மாதா சொரூபம். கோயில் பாதிரியாரான அச்சன் தன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “ராஜாத்தி சேச்சி, கொறச்சுகூடி சிரிக்கணும்” என்றார். அவள் இன்னும் கொஞ்சம் சிரித்தாள்.

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் இரண்டு தட்டு தட்டினேன். மூன்றாவது தட்டுக்குக் கை வரவில்லை.

அட்டையின் மூலையில் ஒரு மஞ்சள் கறை இருந்தது. அது என் அடுக்களை மஞ்சள். அந்த முருகனைப் பழைய காலண்டரிலிருந்து கத்தரித்து, சோற்றுப் பசை தடவி ஒட்டியவளும் நான்தான்.

அது முருகன் புத்தகம் இல்லை. என் நோட்டு. அதில் முருகனைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. ராஜாத்தியைப் பற்றி நாலு பக்கம் இருந்தது.

எடுத்துப் பிடிக்கவும்

முதலில், அவள் அதை எடுத்த புத்தக அறை வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஏலப்பாறைக்கு மேலே, எங்கள் தேயிலை எஸ்டேட்டின் லய வீட்டு வரிசைகளுக்கும் மேலே, குன்றின் உச்சியில் இருக்கிறது மாதா கோயில். மலையாளத்தில் அதற்குப் பள்ளி என்று பேர். நாங்களும் பள்ளி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். திருநெல்வேலியிலிருந்து வரும் உறவுக்காரர்கள், “பள்ளிக்குப் போயிட்டு வாரேன்” என்று நாங்கள் சொல்வதைக் கேட்டு, இந்த வயதில் என்ன படிப்பு என்று முழிப்பார்கள்.

புதிதாக வந்த அச்சன் சின்ன வயசுக்காரர். கோட்டயம் பக்கத்து ஆள். தமிழ் பேச ஆசை, பேச வராது. வந்த மூன்றாம் மாதமே, ஊருக்கு ஓர் இலவசப் புத்தக அறை திறக்கப்போவதாகச் சொன்னார். சீட்டு இல்லை, பதிவேடு இல்லை, கதவுக்குப் பூட்டும் இல்லை. வீட்டில் சும்மா கிடக்கும் புத்தகத்தைக் கொண்டுவந்து வைக்கலாம். பிடித்ததை எடுத்துப் போகலாம். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரும் வரலாம்.

அறை என்று அவர் காட்டியது, சவப்பெட்டி தள்ளிப்போகும் வண்டி நிற்கிற அறை. வண்டியைப் பின்பக்கக் கொட்டகைக்கு மாற்றி, சுவருக்கு நீலச் சுண்ணாம்பு அடித்தார்கள். அப்படியும் எங்கள் ஆட்கள் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்களே தவிர, உள்ளே காலெடுத்து வைக்க யோசித்தார்கள்.

புத்தகம் அடுக்க அலமாரி கொடுத்தவர் டவுனில் பேக்கரி வைத்திருக்கும் ஜோயிச்சன். பப்ஸும் கட்லெட்டும் வைக்கிற கண்ணாடி அலமாரி அது. உள்ளே சூட்டுக்கு ஒரு மஞ்சள் பல்பு. அச்சன் அந்தப் பல்பைக் கழற்றவில்லை. மழைக்காலத்தில் புத்தகம் பூசணம் பிடிக்காமல் இருக்குமாம். அது உண்மைதான். எங்கள் ஊரில் செருப்புகூடப் பூசணம் பிடிக்கும். ஆனால் ஜூன் மாதக் குளிரில் அந்த அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தால் இளஞ்சூடாக இருக்கும். முட்டை பப்ஸ் வாசனையும் வரும். முதல் வாரத்தில் புத்தகத்தைப் படித்தவர்களைவிட மோந்து பார்த்தவர்கள்தான் அதிகம்.

வாசலில் இரண்டு மொழியிலும் பலகை வைத்தார். மலையாளம் சரியாக இருந்தது. தமிழில், ‘புத்தகம் எடுத்துப் படிக்கவும்’ என்று இருக்க வேண்டியது, ‘புத்தகம் எடுத்துப் பிடிக்கவும்’ என்று இருந்தது. யாரும் அச்சனிடம் சொல்லவில்லை. பாவம், ஆசையாக எழுதியிருக்கிறார்.

புத்தகம் கேட்டாரே ஒழிய, லயத்து வீடுகளில் புத்தகத்துக்கு எங்கே போவது? இருந்ததைக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடப் பாடப் புத்தகம் வந்தது. மிக்சி வாங்கியபோது கூட வந்த விளக்கப் புத்தகம் வந்தது. ஜீப் ஓட்டுகிறவர் ஒருவர் லைசென்சுக்குப் படித்த சாலை விதிகள் புத்தகத்தைக் கொடுத்தார். யாரோ தெரியாமல் ஒரு கல்யாண ஆல்பத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அந்த வருடம் முழுக்க அதிகம் பேர் எடுத்துப் போனது அந்த ஆல்பத்தைத்தான்.

ஒரு நல்ல காரியம்

என் வீட்டுக்காரர் பரமசிவம் அதிகம் பேச மாட்டார். பேக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. நாள் முழுக்க அங்கே காற்றாடி இரைச்சல். பேசினாலும் யாருக்கும் கேட்காது என்பதால் பேச்சையே விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

அவர் படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது. எங்கள் எஸ்டேட்டில் இது சாதாரணம். ஒரே வீட்டில் புருஷனுக்கு ஓர் எழுத்து, பெண்டாட்டிக்கு ஓர் எழுத்து.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் அவர் கை கழுவிக்கொண்டே, “பள்ளிக்கு ஒரு புத்தகம் குடுத்துட்டு வந்தேன்” என்றார். எங்கள் மகனுடைய பழைய பாடப் புத்தகமாக இருக்கும் என்று நினைத்தேன். நல்ல காரியம்தானே என்று இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

பிறகுதான் தெரிந்தது. துணி அலமாரியில் என் சேலைகளுக்கு அடியில் ஒரு முருகன் புத்தகம் நாலைந்து மாதமாகச் சும்மா கிடப்பதை அவர் பார்த்திருக்கிறார். கிறிஸ்தவர்கள் நடத்தும் நூலகத்தில் நம்ம சாமி புத்தகமும் ஒன்று இருக்கட்டுமே என்று தோன்றியிருக்கிறது. அச்சனுக்கு ஏக சந்தோஷம். “எல்லா மதக்காரங்கட புஸ்தகமும் இவிடே வேணும்” என்று சொல்லி, தன் கையாலேயே அலமாரியில் முன்வரிசையில் வைத்திருக்கிறார்.

நோட்டில் இருந்தவர்கள்

கால் ஒடிந்த கதையை, நான் வாராவாரம் எழுதும் இந்தத் தொடரில் முன்பே சொல்லியிருக்கிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி: கொழுந்து எடுக்கும்போது மழையில் வழுக்கி ஓடைக்குள் விழுந்து, ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் படுத்து, கம்பி வைத்த காலோடு நாலு மாதம் வீட்டுக்குள் கிடந்தேன்.

அந்த நாலு மாதத்தில்தான் எழுதினேன். மருந்துக் கடையில் கொடுத்த கெட்டி அட்டை டைரி அது. நான் பத்தாவது வரை தமிழில் படித்தவள். ஜன்னல் வழியாக லயத்தில் போகிறவர் வருகிறவரைப் பார்த்து, ஆளுக்கு ஒரு பக்கம் எழுத ஆரம்பித்தேன். எழுதி முடித்ததும் பயம் வந்தது. யாரும் பிரித்துப் பார்க்காமல் இருக்க என்ன செய்வது என்று யோசித்து, சாமி படத்தை ஒட்டினேன். சாமி புத்தகத்தை எங்கள் வீடுகளில் தொட்டுக் கும்பிடுவார்களே தவிர, திறந்து பார்க்க மாட்டார்கள்.

எங்கள் சூப்பர்வைசர் தங்கராசு அண்ணாச்சியைப் பற்றி, ‘பேரில் இருக்கிற தங்கம் வாயில் இல்லை’ என்று தொடங்கியிருந்தேன். மாதா கோயிலில் பாட்டுப் பாடும் புஷ்பம் அக்காவைப் பற்றி, ‘அக்கா மேல்ஸ்தாயிக்குப் போனால் லயத்து நாய்கள் எல்லாம் சேர்ந்து ஜெபிக்கும்’ என்று இருந்தது. என் வீட்டுக்காரருக்கு அரைப் பக்கம்.

ராஜாத்திக்கு நாலு பக்கம். அதில் மட்டும் சிரிப்பு இல்லை.

மறந்துபோன கண்ணாடி

ராஜாத்தி எனக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவள். இருபது வருடமாகப் பக்கத்து நிரை. லயத்தில் யாருக்கு என்ன என்றாலும் முன்னால் நிற்பாள். பஞ்சாயத்து ஆபீசுக்குப் போக வேண்டுமா, எஸ்டேட் மேனேஜரிடம் பேச வேண்டுமா, ராஜாத்திதான். அவள் பேசினால் மேனேஜர் உட்கார்ந்திருக்க மாட்டார், எழுந்து நின்றுவிடுவார்.

அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டில் மூத்தவள். அம்மா கொழுந்துக்குப் போக, இவள் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் போகவே இல்லை. பேங்கில் கணக்குத் தொடங்கும்போது தன் பேரை மட்டும் கோலம் போடுவதுபோலப் பழகிக்கொண்டாள். மலையாளத்தில் எதையாவது நீட்டினால், “நமக்குத் தமிழ்தான்” என்பாள். தமிழில் நீட்டினால், “கண்ணாடிய வீட்டுல மறந்துட்டேன்” என்பாள். ராஜாத்தியிடம் கண்ணாடியே கிடையாது. இருபது வருடத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. போனில் குரல் செய்தி வந்தபிறகு அவளுக்கு இன்னும் வசதியாகிவிட்டது.

வீட்டுக்கு வரும் காகிதங்களை முந்தானைக்குள் ஒளித்து என்னிடம் கொண்டுவருவாள். நான் தேயிலைச் செடிக்குள் குனிந்து வாசித்துச் சொல்வேன். அப்படிப்பட்டவள், நான் ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு வாரத்தில் ஒரு நாள்கூட வரவில்லை. லயமே வந்தது. தங்கராசு அண்ணாச்சிகூட ரொட்டியோடு வந்தார். இவள் வரவில்லை. வீடு திரும்பியபிறகு ஒன்றுமே நடக்காததுபோல வந்து, “எப்படிட்டி இருக்க, முத்துலெச்சுமி” என்றாள். நானும் ஒன்றுமே நடக்காததுபோல, “இருக்கேன்” என்றேன். மனசில் இருந்ததையெல்லாம் நோட்டில் இறக்கினேன்.

இப்போது, திறப்பு விழா முற்றத்தில் அந்த நோட்டை அவள் அணைத்துக்கொண்டு நிற்கிறாள். எப்படி நடந்தது என்று எனக்குப் புரிந்தது. “ஆர் முதல்ல எடுக்கும்?” என்று அச்சன் கேட்டபோது ஒருவரும் அந்தச் சவ வண்டி அறைக்குள் போகவில்லை. வழக்கம்போல ராஜாத்திதான் முன்னால் போனாள். அலமாரியைத் திறந்துவிட்டு, ஊரே பார்க்க, எந்தப் புத்தகம் என்று அவளால் எப்படித் தேர்ந்தெடுக்க முடியும்? தெரிந்த முகம் ஒன்று இருந்தது. எடுத்துவிட்டாள்.

என் ரகசியமும் அவள் ரகசியமும் அந்த ஒரே நோட்டில் இருந்தன. அதை வாசிக்கவே முடியாத ஒருத்தி கையில் அது இருந்தது. அதுவரைக்கும் எனக்கு நிம்மதிதான்.

அந்த நிம்மதி அச்சன் மைக்கைப் பிடிக்கும் வரைக்கும் இருந்தது. அடுத்த மாதம் இதே ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், புத்தகம் எடுத்தவர்கள் வந்து ஆளுக்கு இரண்டு வார்த்தை அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டன் சாயாவும் பப்ஸும் உண்டு.

ராஜாத்தியின் சிரிப்பு அப்படியே நின்றது. கூட்டத்தில் அவள் கண் என்னைத் தேடியது.

சூரனும் மயிலும்

மறுநாள் பத்து மணி சாயா நேரத்தில், சில்வர் ஓக் மரத்தடியில், அட்டைப்பூச்சி கடிக்காமல் இருக்க ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தோம். நான் முந்திக்கொண்டேன்.

“அந்தப் புத்தகத்தக் குடு. நான் வாசிச்சிட்டு, என்ன சொல்லணும்னு ஒனக்குச் சொல்லுதேன்.”

“நான் எடுத்த புத்தகம். எங்கிட்டதான் இருக்கும். நீ வாசி, நான் கேக்கேன்.”

நனையாமல் இருக்க இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணிக்குள்ளிருந்து நோட்டை எடுத்து, அட்டையைக் கண்ணில் ஒற்றி, என் மடியில் வைத்தாள். இது என் நோட்டு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, “என்னப் பத்தி என்னட்டி எழுதியிருக்க?” என்பதுதான்.

நோட்டைத் திறந்தேன். முதல் பக்கத்தில் தங்கராசு அண்ணாச்சி.

“சூரன் என்று ஓர் அசுரன் இருந்தான்” என்று ஆரம்பித்தேன். “அவன் தினமும் காலையில் குடையோடு மலைச்சரிவில் வந்து நின்று, விசில் ஊதுவான்.”

“அசுரனுக்கு எதுக்குட்டி குடை?”

“மழைக்காலம்.”

“ம். வாசி.”

அன்றிலிருந்து தினமும் பத்து நிமிடம். சூரனுக்குத் தேவர்கள் எல்லாம் பயந்தார்கள். ஆனால் சூரன் தன் பெண்டாட்டிக்குப் பயந்தான். புஷ்பம் அக்கா பக்கத்துக்கு வந்தபோது முருகனுடைய மயில் பாட ஆரம்பித்தது. வள்ளி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். ராஜாத்தி சாயா புரையேறச் சிரித்தாள்.

“இந்தச் சூரன் நம்ம தங்கராசு அண்ணாச்சி மாதிரியே இருக்காம்லா.”

“எல்லா ஊர்லயும் ஒரு சூரன் இருப்பான்” என்றேன்.

எனக்கே அந்தக் கதை பிடித்துப்போனது. வீட்டில் கறிக்கு அரியும்போது நாளைக்கு முருகன் என்ன செய்வார் என்று யோசிப்பேன். பக்கம் திருப்பிக்கொண்டே போனேன். திருப்பினால் ஒரு நாள் ராஜாத்தி பக்கம் வரும் என்பதை வேண்டுமென்றே மறந்திருந்தேன்.

அவளுக்குத் தெரிந்த ஒரே சொல்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. நான் பக்கத்தைத் திருப்பி, முருகனைப் பழனிக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். ராஜாத்தி தம்ளரைக் கீழே வைத்தாள். நோட்டின்மேல் விரலை வைத்தாள்.

“இது என் பேரு.”

நான் பக்கத்தைத் திருப்பப் போனேன்.

“இங்கயும் என் பேரு. இந்தா, இங்க. இங்க.” விரல் கீழே இறங்கிக்கொண்டே போனது. ஒரே பக்கத்தில் ஏழு இடத்தில் நிறுத்தினாள். “முருகன் கதையில என் பேரு எதுக்குட்டி இத்தன தடவ வருது?”

உலகத்தில் எத்தனையோ சொல் இருக்க, அவளுக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே சொல்லை நான் நாலு பக்கத்தில் நிறைத்து வைத்திருந்தேன்.

“இது என் நோட்டு, ராஜாத்தி. எங்க வீட்டுக்காரவுக தெரியாமக் குடுத்துட்டாவ.”

“அது எனக்கு மொத நாளே சந்தேகந்தான். கதை வாசிக்கும்போது ஒன் கண்ணு தாள்ல இல்ல, மரத்துல இருந்துச்சு. என் காயிதம் வாசிக்கும்போது அப்படி இருக்காது.” நோட்டை என் பக்கம் நகர்த்தினாள். “இப்பம் தாளப் பாத்து வாசி.”

வாசித்தேன். எஸ்டேட்டே என்னைப் பார்க்க வந்தது, ராஜாத்தி வரவில்லை என்று எழுதியிருந்ததை வாசித்தேன். ‘இருபது வருஷமாக அவளுக்கு நான்தான் கண்ணாடி. கண்ணாடி உடைந்து கிடந்தபோது அவள் எட்டிப் பார்க்கவில்லை’ என்பதை வாசித்தேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதை ஊரிடம் மறைக்க அவள் செய்யும் ஒவ்வொரு வித்தையையும் எழுதியிருந்தேன். அதையும் வாசித்தேன். ஓரிடத்தில் ரொம்பக் கடுமையாக ஒரு வரி இருந்தது. அதைத் தாண்டினேன்.

“ஒரு வரி தாண்டிட்ட” என்றாள். “ஒன் கண்ணு குதிச்சிச்சு.”

இருபது வருடம் ஒருத்தி வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவளை ஏமாற்ற முடியாது. அந்த வரியையும் வாசித்தேன். ‘ராஜாத்தி பொய்க்காரி. அவள் முன்னால் நிற்பதெல்லாம் அடுத்தவர் பார்க்கத்தான்.’

விசில் ஊதினார்கள். இருவரும் எழுந்திருக்கவில்லை.

“நான் வந்தேன்” என்றாள்.

“எங்க?”

“ஆஸ்பத்திரிக்கு. ரெண்டாம் நாளே. பன்னு, பழம் எல்லாம் வாங்கிட்டு. வாசல்ல ஒரு காவக்காரன். உள்ள போவ சீட்டு எழுதணுமாம். யாரப் பாக்கணும், பேரு என்ன, எழுதுன்னு பேனாவக் குடுத்தான். பின்னால பத்துப் பேரு நிக்காவ. அதுல நம்ம எஸ்டேட் ஆளு ரெண்டு பேரு.”

“கண்ணாடிய மறந்துட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன்ட்டி. அவன் நல்ல மனுசன். தன் கண்ணாடியக் கழட்டிக் குடுத்துட்டான்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது.

“போட்டுக்கிட்டு நின்னேன். எல்லாம் பெருசு பெருசாத் தெரிஞ்சிச்சு. ஒண்ணும் புரியல. பேனாவ வெச்சிட்டு, கண்ணாடியக் கழட்டிக் குடுத்துட்டு, வெளிய வந்துட்டேன். பஸ்ஸுல வரும்போது பன்னு பூராவும் நானே தின்னேன். அழுதுட்டே தின்னேன். உள்ள கூட்டிட்டுப் போவ நீ இல்லயே. நீதான் உள்ள கெடக்கியே.”

நோட்டை வாங்கிப் படங்குக்குள் செருகிக்கொண்டு எழுந்து போனாள். அன்றைக்கு மத்தியானம் என் பக்கத்து நிரையில் இல்லை. நாலு நிரை தள்ளிப் போய் எடுத்தாள். வெள்ளியும் சனியும் பேசவில்லை. நோட்டையும் திருப்பித் தரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை

பூசை முடிந்து எல்லாரும் முற்றத்தில் கூடினார்கள். எங்கள் ஆட்களும் வந்திருந்தார்கள். பப்ஸ் என்றால் மதம் பார்ப்பதில்லை. என் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டு என் பக்கத்தில் நின்றார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் அச்சனிடம் போய் மன்னிப்புக் கேட்டு ஊருக்கே தெரியப்படுத்திவிடுவார்.

முதலில் தங்கராசு அண்ணாச்சி. அவர் எடுத்தது சாலை விதிகள் புத்தகம். வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்து புஷ்பம் அக்கா. கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக் காட்டி, பெண்ணை விட மாப்பிள்ளைதான் அழகு என்று முடித்துக்கொண்டார்.

மூன்றாவதாக ராஜாத்தி போனாள். அவள் நோட்டை உயர்த்திப் பிடித்தாள்.

“எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது” என்றாள்.

சாயா ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றுவதை நிறுத்தினார்.

“இத்தன வருசமா கண்ணாடிய மறந்துட்டேன்னு ஒங்ககிட்டச் சொன்னதெல்லாம் பொய். எனக்குக் கண்ணாடியே கெடையாது. இந்தப் புத்தகத்தயும் நான் வாசிக்கல. முத்துலெச்சுமி வாசிச்சா, நான் கேட்டேன். மொதல்ல பொய்யா வாசிச்சா. பொறவு நெசமா வாசிச்சா. பொய் சிரிப்பா இருந்துச்சு. ஆனா நெசத்தத்தான் மூணு நாளா நெனச்சிட்டு இருக்கேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “அட்டையிலதான் முருகன். உள்ள பூராவும் நாமதான் இருக்கோம்.”

“இது ஆர் எழுதியதா?” என்று அச்சன் கேட்டார்.

ராஜாத்தி தாடையால் என்னைக் காட்டினாள். முற்றம் முழுக்க என் பக்கம் திரும்பியது. ஓடைக்குள் விழுந்தபோதுகூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. என் வீட்டுக்காரர் கையைத் தூக்கினார்.

“எனக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது” என்றார். “முருகன் புத்தகம்னு நெனச்சு நான்தான் கொண்டாந்து குடுத்தேன்.”

பத்துப் பேருக்குமேல் இருக்கும் கூட்டத்தில் அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பின்னாலிருந்து ஒருத்தி, தனக்குத் தமிழ் தெரியும், மலையாளம்தான் ஓடாது என்றாள். இன்னொருத்தர், பெரிய எழுத்தென்றால் சமாளிப்பேன் என்றார். தங்கராசு அண்ணாச்சி மெதுவாக, “நானும் அந்தப் புத்தகத்துல படந்தான் பாத்தேன்” என்றார். கடைசியில் அச்சன் காதுவரை சிவந்துபோய், “எனிக்கும் தமிழ் வாசிக்க அறியில்ல” என்றார். பலகைத் தமிழைப் பார்த்தே எங்களுக்கு அது தெரியும் என்பதை அப்போதும் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

ராஜாத்தி கூட்டத்தைப் பார்த்து நின்ற நிற்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. இருபது வருடம் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்ததை இறக்கி வைத்துவிட்டு, பக்கத்தில் பார்த்தால் ஆளாளுக்கு ஒன்றை இறக்கி வைக்கிறார்கள். அவள் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்ததாக எனக்குத் தோன்றியது.

அதன்பிறகு பப்ஸை யாரும் கவனிக்கவில்லை. என்னைச் சுற்றிக்கொண்டார்கள். அவரவர் பக்கத்தை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். வேறு வழியில்லை. தங்கராசு அண்ணாச்சி தன் பக்கத்தைக் கேட்டுவிட்டு, “வாயிதான் அப்படி. மனசு?” என்றார். மனசைப் பற்றி, அவர் ஆஸ்பத்திரிக்கு ரொட்டி கொண்டுவந்ததைச் சொல்லும் வரி ஒன்று இருந்தது. அதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். புஷ்பம் அக்கா யோசித்துவிட்டு, “நாய் ஊளையிடுதது நெசந்தான். ஆனா அது கோயில் மணிக்கு” என்றார்.

உண்மையில் கோபப்பட்டது நோட்டில் இல்லாதவர்கள்தான். ஜோயிச்சன் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார். “அலமாரி தந்தது ஞானல்லே? என்னைப் பற்றி ஒரு வரி இல்ல?” நான் எழுதும்போது அலமாரியே வரவில்லை என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அவருக்காகத்தான் இந்த வாரம் அலமாரியைப் பற்றி இத்தனை வரி எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்கு இறங்கும் வழியில் என் வீட்டுக்காரர், “எனக்கு எத்தன பக்கம்?” என்றார்.

“அரைப் பக்கம்.”

கொஞ்ச தூரம் நடந்தார். “அதுக்குமேல என்ன இருக்கு” என்றார். கோபமா, ஒப்புதலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை

மறுநாள் காலையில் நான் மலையேறியபோது, ராஜாத்தி என் பக்கத்து நிரைக்கு வந்திருந்தாள். பேசவில்லை. கத்திரியைப் போட்டுக் கொழுந்தை வெட்டிக்கொண்டே வந்தாள். நானும் வெட்டினேன். பத்து மணிக்கு மரத்தடியில் சாக்கை விரித்து எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள்.

“சீட்டு எழுதுத எடத்துலருந்து நீ திரும்பிப் போனது எனக்குத் தெரியாமப் போச்சு” என்றேன். “அந்த நாலு பக்கத்தக் கிழிச்சிரட்டுமா?”

“கிழிச்சே, கையை முறிச்சிருவேன். கால் ஒடிஞ்சது பத்தாதா ஒனக்கு?”

படங்குக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். புது நோட்டு. டவுனிலிருந்து வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள். கூடவே ஒரு பேனா.

“எழுது. நான் சொல்லுதேன்.”

“என்னத்த?”

“ஒன்னப் பத்தித்தான். நீ மட்டும் எழுதுவியோ?”

நோட்டைப் பிரித்து மடியில் வைத்தேன். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“முத்துலெச்சுமி நல்லவ.”

எழுதினேன்.

“எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

“பொறவு ‘ஆனா’ன்னு போடு.”

போட்டேன். அவள் சாயாவை ஒரே மடக்கில் குடித்தாள். தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். மரத்தில் நன்றாகச் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

“இந்த நோட்டு எத்தன பக்கம்?”

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். “இருநூறு.”

“பத்துமான்னு பாப்போம்” என்றாள் ராஜாத்தி.